குவேக்கர்களும் சுயமரியாதைக் கலியாணமும்

சுயமரியாதைக் கலியாணத்தைப் பற்றி வைதீகர்கள் சொல்லிவந்த ஆட்சேபணைகளில் பல செத்துப் போய்விட்டன. ஆனால் ஒன்று மாத்திரம் இன்னும் சாகாமல் இருந்து வருகின்றது. அதாவது, "உலகத்தில் எந்தத் தேசத்திலாவது, எந்த ஜனங்களாவது புரோகிதன் இல்லாமல் கலியாணம் செய்துகொண்டு யோக்கியமாய்க் குடும்பம் நடத்தியிருக்கின்றார்களா? இது ஈரோட்டில் முளைத்த விபரீதந்தானே?" என்பதேயாகும். அம்பத்தூரிலும், ஆவடியிலும், பூவிருந்தவல்லியிலும் நாம் கூட்டம் போடுகின்ற இடங்களிலெல்லாம், கூட்டம் முடிந்தபின் யாராவது ஒரு பெரியவர், அவரும் படித்தவராகவே இருப்பார், இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

இது எதிரிகள் கேட்கின்ற கேள்வி. இதைக்காட்டிலும் கடினமான கேள்வி ஒன்றை நம்மவர்களே கேட்கின்றார்கள். "புரோகிதனை விட்டாயிற்று, மந்திரத்தை விட்டாயிற்று, போதாதா? ஜாதியையும் விடு என்றால் எங்கள் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்பது அது. முந்தியது வெளியிலிருந்து வருகின்ற கல். பிந்தியது உள்ளேயிருந்து அரிக்கின்ற செல்.

இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து விடை சொல்லுகின்ற சரித்திரம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்து தேசத்தில் சுமார் 375 வருஷங்களுக்கு முன்னே தோன்றிய குவேக்கர் என்கின்ற கூட்டத்தாருடைய சரித்திரமாகும். அவர்கள் நம்மைப் போல நாஸ்திகர்கள் அல்ல. கடவுளையும் ஏசுவையும் நம்பியவர்கள். ஆனாலும் புரோகிதக் கூட்டத்தை ஒழிக்க அவர்கள் பட்ட பாடும், பிறகு அவர்களுக்கு நேர்ந்த கேடும் நமக்கு நல்ல பாடமாகும்.

செருப்புத் தைக்கப் பழகிய பையன்

1624இல் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷையர் ஜில்லாவில் ஒரு சின்னக் கிராமத்தில், ஒரு நெசவுக்காரர் வீட்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் பிறந்தார். கலாசாலை கண்டவரல்ல. செருப்புத் தொழில் செய்பவரிடம் வேலை பழக விடப்பட்டவர். 1643இல் தம் 19வது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராய் அலைந்தார். தம் சந்தேகங்களைப் பாதிரிகளிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவருடைய பதிலும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதையும் கவனிக்க வேண்டும். ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை மூண்டிருந்தது. 1649இல் ராஜாவின் தலையையே வெட்டினார்கள். அச்சுக்கூடங்களின் மேலிருந்த கட்டுக்காவல் தளர்ந்துவிட்டது. பைபிள் இங்கிலீஷுக்கு வந்து, உழுகிறவனும் நெய்கிறவனும் தாங்களே படித்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. "ராஜாவே தெய்வ அம்சமல்ல என்றால் பாதிரி மாத்திரம் எப்படித் தெய்வ அம்சமாவான்?" என்று பாமர ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்ம சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்பது இதிலிருந்து விளங்கும். படித்தால் கேள்வி வரும் என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும்.

பாக்ஸ் கண்ட முடிவு இதுதான். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டதனாலேயே ஒருவன் குருவாகிவிட மாட்டான். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகன் வேண்டாம். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும், ஆணோ பெண்ணோ, எஜமானோ வேலைக்காரனோ, ஓர் ஒளி இருக்கின்றது. மாதா கோயில் என்பது வெறும் கூம்புக் கட்டடம். ஞானஸ்நானமும் வேண்டாம், அப்பமும் திராட்சை ரசமும் வேண்டாம், சம்பளப் பாதிரியும் வேண்டாம். எல்லோரும் ஒரு வீட்டில் கூடிச் சும்மா உட்கார்ந்திருப்பது. யாருக்குச் சொல்லத் தோன்றுகின்றதோ அவர் எழுந்து சொல்லுவது. இதுவே அவர்களுடைய தொழுகை.

1650இல் டெர்பி என்கின்ற ஊரில் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டி அவரைச் சிறையில் போட்டார்கள். கடவுள் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று அவர் மாஜிஸ்டிரேட்டுக்கே உபதேசம் செய்யப் போக, அந்த மாஜிஸ்டிரேட் பரிகாசமாய் "குவேக்கர்", அதாவது நடுங்குகிறவர்கள், என்று பெயர் வைத்தார். அவர்கள் தங்களை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். உலகமோ வசைப்பெயரையே நிலைக்கச் செய்தது. அந்தச் சிறையிலிருக்கும்போதே 1651இல், பட்டாளத்தில் காப்டன் உத்தியோகம் தருகின்றோம் என்று ஆசை காட்டினார்கள். கொல்லுகின்ற தொழில் எனக்கு வேண்டாம் என்று மறுத்துச் சிறையிலேயே இருந்தார். டாங்கித் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டு வாழ்கின்ற நம் ஆவடிக்காரர்களுக்கு இது வேடிக்கையாய்க்கூடத் தோன்றலாம். ஆனால் உத்தியோகத்திற்காகக் கொள்கையை விடாதவன் எந்த ஊரில் இருந்தாலும் மரியாதைக்குரியவனே.

தொப்பியும் துண்டும்

நிற்க, இவர்களைக் கண்டு அதிகார வர்க்கத்தார் இவ்வளவு ஆத்திரப்பட்டதற்குக் காரணம் இவர்களுடைய வேதாந்தம் மாத்திரமல்ல. இவர்கள் தொப்பியை எடுக்கவில்லை என்பதுமாகும்!

அக்காலத்து இங்கிலாந்தில் பெரிய மனிதனைக் கண்டால் சின்ன மனிதன் தொப்பியைக் கழற்ற வேண்டும். குவேக்கர்கள், கடவுளைத் தொழும்போதல்லாமல் மனிதனுக்காகக் கழற்ற மாட்டோம் என்றார்கள். அதேபோல, பெரியவர்களை "யூ" என்றும் சிறியவர்களை "தௌ" என்றும் அழைப்பது அந்நாட்டு வழக்கம். இவர்கள் பிரபுவையும் நீதிபதியையும்கூட "தௌ", அதாவது "நீ", என்றார்கள். இதற்காக உதை வாங்கினார்கள், அபராதம் கட்டினார்கள், சிறைக்குப் போனார்கள்.

இதைப் படிக்கின்ற தமிழனுக்கு விளக்கம் வேண்டுமா? தோளில் துண்டு போடாதே, போட்டிருந்தால் எஜமானைக் கண்டதும் எடுத்து இடுப்பில் கட்டு என்பதும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டு என்பதும், எழுபது வயதுக் கிழவரை ஏழு வயதுப் பையன் "டேய்" என்பதும் நம் நாட்டு வழக்கங்களல்லவா? குவேக்கர்கள் எல்லோரையும் "நீ" என்று சமமாக்கினார்கள். நம் இயக்கத்தார் எல்லோரையும் "தோழர்" என்று சமமாக்கினார்கள். அவர்கள் மேலே இருந்தவனைக் கீழே இறக்கினார்கள். நாம் கீழே இருந்தவனை மேலே ஏற்றினோம். இரண்டிலும் கணக்கு ஒன்றேதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டத்தை வெட்டியெறியத் தீர்மானித்தார்களே, அதுவும் தொப்பி எடுக்க மாட்டேன் என்ற அதே சங்கதிதான்.

1670இல் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். லண்டன் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் என்கின்ற இருவர் மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்குள் தொப்பியில்லாமல் வந்தவர்களுக்குக் கோர்ட்டு உத்தரவின் பேரிலேயே தொப்பியை மாட்டிவிட்டு, பிறகு ஏன் தொப்பி போட்டிருக்கின்றாய் என்று அபராதம் விதித்தார்கள்! ஜூரிகள் 12 பேரும் இவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்தார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் அவர்களை அடைத்துவைத்தும் மசியவில்லை. அவர்களுக்கும் அபராதம் விதித்தார்கள். அந்த ஜூரிகளில் ஒருவரான புஷெல் என்பவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தே வழக்காடி, தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்கின்ற நீதியை நிலைநாட்டினார். ஒரு தொப்பியில் ஆரம்பித்த பிடிவாதம் ஒரு தேசத்தின் நீதி முறையையே திருத்தியது என்றால், துண்டு விஷயம் அற்ப விஷயம் என்று இனி யாராவது சொல்லுவார்களா?

உதைத்தவர்கள் யார்?

இவர்களை உதைத்தவர்கள் ராஜா கட்சிக்காரர்கள் மாத்திரமல்ல. மத சுதந்திரம் வேண்டும் என்று இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டன் என்கின்ற பக்திமான்களே பாஸ்டன் நகரத்தில் 1659 முதல் 1661 வரையில் நான்கு குவேக்கர்களைத் தூக்கில் போட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் மேரி டையர் என்கின்ற அம்மையார். இங்கிலாந்தில் 1662இல் இவர்களுக்கென்றே தனிச்சட்டம் செய்தார்கள். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம், உண்மை பேசுகிறவனுக்குப் பிரமாணம் எதற்கு என்று சொன்னதற்காகவும், மாதா கோயிலுக்கு விளைச்சலில் பத்திலொரு பங்கு அழ மாட்டோம் என்று சொன்னதற்காகவும் ஆயிரக்கணக்கானவர்கள் சிறை சென்றார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே மாண்டார்கள். 1689இல்தான் கூடித் தொழுவதற்கு அனுமதி கிடைத்தது. 1696இல்தான் பிரமாணத்திற்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம் என்று சட்டம் வந்தது. இன்று நம் நாட்டில் ஒரு மந்திரியோ சட்டசபை மெம்பரோ கடவுள் பெயரைச் சொல்லாமல் "உளமார உறுதி கூறுகின்றேன்" என்று பதவி ஏற்கின்றாரே, அந்த உரிமையின் வேர் அந்தச் சிறைச்சாலைகளில் இருக்கின்றது.

பெண்கள் விஷயத்திலும் அவர்கள் முன்னே நின்றார்கள். பெண்கள் சபையில் பேசலாம் என்பதற்காக மார்கரெட் பெல் என்கின்ற அம்மையார் சிறையிலிருந்துகொண்டே புத்தகம் எழுதி 1666இல் வெளியிட்டார். அவர் விதவை, பிள்ளைகள் பெற்று வளர்த்தவர், பாக்ஸை விடப் பத்து வயது மூத்தவர். அவரைத்தான் 1669இல் பாக்ஸ் மணந்துகொண்டார். மணப்பதற்கு முன், அம்மையாரின் பெண்களுடைய சம்மதத்தைக் கேட்டார். அம்மையாரின் சொத்தில் தமக்குப் பாத்தியமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வரதட்சணைக்குக் கடை விரிக்கின்ற நம் பட்டதாரி மாப்பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டுகின்றோம்.

புரோகிதனில்லாக் கலியாணம்

இப்போது அந்தப் பெரியவருடைய கேள்விக்கு வருவோம்.

குவேக்கர் கலியாணத்தில் பாதிரி கிடையாது. மோதிர மந்திரம் கிடையாது. மணக்க விரும்பும் இருவரும் முன்கூட்டியே சபையில் தெரிவிக்க வேண்டும். இருவருக்கும் வேறு பந்தம் எதுவும் இல்லை என்பதைச் சபையார் விசாரிப்பார்கள். பிறகு ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, இன்னாரை நான் கணவனாக, மனைவியாக ஏற்றுக்கொள்ளுகின்றேன் என்று இருவரும் வாயால் சொல்லுவார்கள். ஒரு பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். வந்திருந்தவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான் கலியாணம்.

1661இலேயே இந்தக் கலியாணம் கோர்ட்டு ஏறிவிட்டது. இம்முறையில் மணந்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய உறவினன் ஒருவன் நிலத்தின் மேல் ஆசைப்பட்டு, பாதிரி இல்லாமல் நடந்தது கலியாணமே அல்ல, ஆகையால் பிறந்த குழந்தைக்குச் சொத்து இல்லை என்று நாட்டிங்காமில் வழக்காடினான். நீதிபதி என்ன சொன்னார்? ஆதாம் ஏவாளைக் கொண்டதும் ஏவாள் ஆதாமைக் கொண்டதும் கலியாணந்தானே. இருவருடைய சம்மதமே கலியாணம் என்றார். ஏதேன் தோட்டத்தில் பாதிரி ஏது? ஜூரிகள் குழந்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 1753இல், கலியாணமென்றால் மாதா கோயிலில்தான் நடக்க வேண்டும் என்று பார்லிமெண்டு சட்டம் செய்தபோதுகூட, குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்குக் கொடுத்தது.

ஆகவே பெரியவரே, புரோகிதனில்லாக் கலியாணம் ஈரோட்டு விபரீதமல்ல. அப்படி மணந்தவர்கள் குடும்பம் நடத்தினார்கள், வியாபாரம் செய்தார்கள், ஒரே விலை சொல்லி நாணயமாய் விற்கிறவர்கள் என்று பெயரெடுத்தார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் என்று உலகம் முழுவதும் பெயர் தெரிந்த பாங்கிகளை ஆரம்பித்தவர்களும் அவர்கள்தான். மந்திரம் இல்லாததால் அவர்கள் குடி கெட்டுப் போய்விடவில்லை.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் நம் முறைக் கலியாணம் நடந்தது. அதற்கடுத்து ஊர் ஊராய் ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் என்ன சொல்லிற்று? சாஸ்திரச் சடங்கும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை, ஆகையால் இது கலியாணமே இல்லை என்று சொல்லிற்று. அதாவது, இங்கிலாந்தில் 1661இல் ஒரு நீதிபதிக்குத் தோன்றிய நியாயம் 292 வருஷம் கழித்தும் இங்கே தோன்றவில்லை! மானத்துக்காக மந்திரத்தை விட்டவர்களுடைய மனைவிமார்களின் உரிமையும், பிள்ளைகளின் உரிமையும் ஒரு தீர்ப்பில் கேள்விக்குறியாகிவிட்டன. 1967இல் அண்ணா அவர்கள் முதலமைச்சரான பிறகுதான் சட்டசபையில் மசோதா நிறைவேறி, 1968 ஜனவரியில் சட்டமாயிற்று. முன்னே நடந்த கலியாணங்களும் அதனால் செல்லுபடியாயின. உற்றார் உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், இருவருக்கும் தெரிந்த பாஷையில் ஏற்றுக்கொள்ளுகின்றேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும் என்று அச்சட்டம் கூறுகின்றது. பகிரங்கமாய் ஊர் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கிவிட்டது. இருவர் சம்மதமே கலியாணம் என்கின்ற அந்த நாட்டிங்காம் நியாயத்துக்கு நாமும் வந்து சேர்ந்திருக்கின்றோம்.

உள்ளொளியா, பகுத்தறிவா?

இவ்வளவு நல்ல கூட்டம் ஏன் உலகத்தை மாற்றவில்லை? இதுவே நாம் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம்.

முதல் குறை, அவர்கள் நம்பிய உள்ளொளியிலேயே இருந்தது. தரகனை ஒழித்தார்கள்; ஆனால் தரகனுக்குப் பின்னாலிருந்த முதலாளியை விட்டுவைத்தார்கள். என் உள்ளொளி ஒன்று சொல்லி, உன் உள்ளொளி வேறு சொன்னால் யார் தீர்ப்பது? 1656இல் ஜேம்ஸ் நேலர் என்கின்ற அவர்களுடைய பெரிய பிரசங்கியை, அவருடைய சீடர்கள் குதிரைமேல் ஏற்றி, ஏசுநாதர் ஜெருசலேமுக்குள் வந்ததைப் போலத் தோத்திரம் பாடிக்கொண்டு பிரிஸ்டல் நகரத்துக்குள் அழைத்து வந்தார்கள். அதன் பயன், பார்லிமெண்டார் அவருடைய நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, நெற்றியில் சூடு போட்டார்கள். தண்டித்தவர்கள் கொடியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதனைச் சாமியாக்கிய சீடர்களைக் கெடுத்ததும் அந்த உள்ளொளிதானே? பகுத்தறிவு அப்படிப்பட்டதல்ல. நான் சொல்லுவதை நீ நிறுத்துப் பார்க்கலாம். தப்பென்றால் நாலு பேர் நடுவில் மறுக்கலாம்.

கடவுளோடு நேரில் பேசினவர்கள் நம் பக்கத்திலும் இருந்ததாகக் கதை உண்டு. பூவிருந்தவல்லியில் பிறந்ததாகச் சொல்லப்படும் திருக்கச்சி நம்பி என்பவர், காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசிக்கொண்டே அவரோடு நேரில் பேசுவார் என்று வைணவர்கள் எழுதி வைத்திருக்கின்றார்கள். ராமானுஜரே தம் சந்தேகங்களை இவர் மூலமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அப்பேர்ப்பட்டவர் ராமானுஜர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனதும், அவர் கீழ் வருணத்தார் என்பதற்காக அந்த வீட்டம்மாள் அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவி விட்டாராம்! ராமானுஜர் கோபித்துக்கொண்டாராம். பிற்பாடு மனைவியை விட்டுத் துறவியானாராம். மனைவியை விட்டார், ஆனால் இடம் கழுவுகின்ற வழக்கத்தை அந்த மதம் விட்டதா? நம்பிக்கு ஒரு சந்நிதி கொடுத்துக் கும்பிட்டார்கள். ஜாதியை மாத்திரம் அது இருந்த இடத்திலேயே பத்திரமாய் வைத்துக்கொண்டார்கள். கடவுளோடு பேசுகின்ற யோக்கியதை கிடைத்தும், ஒரு வீட்டில் சமமாய் உட்கார்ந்து சாப்பிடுகின்ற யோக்கியதை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பேச்சினால் என்ன லாபம் என்று கேட்கின்றோம்.

பிறப்பு உள்ளே நுழைந்த கதை

இரண்டாவது குறைதான் நமக்கு மிகவும் நெருக்கமானது.

பாக்ஸ் காலத்தில் குவேக்கராகப் பிறந்தவன் எவனும் இல்லை. கேட்டு, யோசித்து, உதைபட்டு வந்து சேர்ந்தவர்களே எல்லோரும். 1737இல் லண்டன் வருஷாந்திரச் சபையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஏழைகளுக்கு எந்த ஊர்ச் சபை உதவி செய்வது என்கின்ற கணக்குக்காக யார் யார் மெம்பர் என்று வகுக்கும்போது, புருஷன் அல்லது தகப்பன் மெம்பரானால் மனைவியும் பிள்ளைகளும் மெம்பர்களே என்று எழுதிவிட்டார்கள். பார்ப்பதற்கு எவ்வளவு சாதாரண விஷயம்! ஆனால் எந்தப் பிறப்பை வாசலில் நிறுத்தினார்களோ அது கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு பிள்ளைகள் கொள்கையினால் அல்ல, பிறப்பினால் குவேக்கர்களானார்கள்.

அதோடு நிற்கவில்லை. வெளியாரை மணந்தவர்களைச் சபையை விட்டு விலக்கிவந்தார்கள். நம் பாஷையில் சொன்னால் ஜாதிக்கட்டு! சாம்பல் நிற உடை, அகலத் தொப்பி, ஒரு மாதிரிப் பேச்சு இவைகளெல்லாம் கொள்கையின் அடையாளமாயிருந்தது போய், குலத்தின் அடையாளமாயின. தலைமுறை தலைமுறையாக நல்ல வாலிபர்களும் பெண்களும் காதலித்த குற்றத்திற்காக வெளியே தள்ளப்பட்டார்கள். கூட்டம் சுருங்கியது. 1859இல் ஜான் ஸ்டீபன்சன் ரவுண்ட்ரீ என்கின்ற அவர்களுக்குள்ளேயே இருந்த ஓர் இளைஞர், நம்மைக் கெடுத்தது இந்தக் கலியாணக் கட்டுத்தான் என்று துணிந்து எழுதினார். அதன் பிறகே இங்கிலாந்தில் அந்த விதியை எடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நடந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது?

கறுப்பு மக்கள் விஷயத்திலும் இதே கதை. 1688இலேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் சிலர் மனிதனை மனிதன் விற்பது அக்கிரமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் பென்சில்வேனியாவை ஸ்தாபித்த வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை வைத்திருக்கிற குவேக்கர்களை முகத்துக்கு நேரே கண்டித்த பெஞ்சமின் லே என்பவரை 1738இல் சபையை விட்டே நீக்கினார்கள். அடிமை வைத்திருப்பவன் சபையில் இருக்க முடியாது என்று பிலடெல்பியா சபையார் முடிவு செய்ய 1776 ஆயிற்று. அப்புறமும் அங்கே கறுப்பு மக்களுக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். எல்லோருக்குள்ளும் ஒளி, ஆனால் பெஞ்சு மாத்திரம் வேறு!

தாமஸ் பெயின் என்கின்ற பெரியாரின் கதையும் இதைத்தான் சொல்லுகின்றது. அவருடைய தகப்பனார் குவேக்கர். மத நூல்களைப் பகுத்தறிவால் அலசி 1794இல் புத்தகம் வெளியிட்டார். 1809இல் நியூயார்க்கில் சாகும் தறுவாயில், தம்மைக் குவேக்கர் இடுகாட்டில் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த நண்பர்கள் இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பாதிரியை எதிர்த்த கூட்டம் கடைசியில் பாதிரியைப் போலவே வாசற்கதவைச் சாத்தியது.

இவைகளுக்காக அவர்களை வெறும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லுவது நமது நோக்கமல்ல. அடிமை வியாபாரத்தை ஒழித்ததில் அவர்களுடைய பங்கு பெரியது. நம் மாகாணத்திலேயே, 1928இல் வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, பின்னால் குவேக்கரான மார்ஜரி சைக்ஸ் அம்மையாரைப் போன்ற நல்லவர்கள் அக்கூட்டத்திலிருந்து வந்து உழைத்திருக்கின்றார்கள். நல்லவர்கள் நிறைந்த இயக்கத்தையே பிறப்பு கெடுக்க முடிந்தது என்றால், நமக்கு அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

நம் வீட்டுச் சங்கதி

இப்போது உள்ளேயிருந்து வருகின்ற கேள்விக்கு வருகின்றோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கின்ற தோழர்கள் வீட்டுக் கலியாணங்களுக்கும், ஆவடி, பட்டாபிராம், பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கலியாணங்களுக்கும் வாழ்த்துரை சொல்ல நம்மைப் போன்ற பிரசாரகர்களைக் கூப்பிடுகின்றார்கள். அழைப்பிதழில் பெரியார் படம் இருக்கும். ராகுகாலத்திலேயே கலியாணம் வைப்பார்கள். மணமக்கள் உறுதிமொழி படிப்பார்கள். எல்லாம் சரி. பந்தியில் உட்கார்ந்து விசாரித்துப் பார்த்தால் பையன் என்ன ஜாதியோ அதே ஜாதிதான் பெண்ணும்! "தற்செயலாக அமைந்துவிட்டது" என்பார்கள். ஒரு தடவை தற்செயலாக அமையலாம். பத்துக்கு ஒன்பது தடவை தற்செயலாகவே அமையுமா? சீட்டாட்டத்தில் ஒருவனுக்கே ஓயாமல் துருப்புச் சீட்டு விழுந்தால் கலைத்துப் போட்டவன்மேல் சந்தேகப்பட மாட்டோமா?

புரோகிதன் என்ன வேலைக்காக மணவறைக்கு வந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். தட்சணை வாங்குவது அவனுக்கு லாபம். ஆனால் அவனால் சமூகத்துக்கு நடந்த வேலை ஜாதியைக் காவல் காத்ததாகும். கோத்திரம் கேட்பதும், குலம் கேட்பதும் எதற்காக? ஒரு வேலியிலுள்ள ஆடு அடுத்த வேலிக்குப் போகாமல் பார்ப்பதற்காகத்தானே? இப்போது காவற்காரனை வேலையை விட்டு நீக்கிவிட்டு, வேலியை நாமே சம்பளமில்லாமல் காவல் காத்துக்கொண்டிருக்கின்றோம். காவற்காரனுக்காவது கூலி கிடைத்தது. நமக்கு அதுவும் இல்லை. இதன் பெயர் சுயமரியாதையா?

இது வேடிக்கைப் பேச்சல்ல. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஜாதி மாறி மணந்தான் என்பதற்காக ஒரு தாழ்த்தப்பட்ட வாலிபனை மனைவியின் கண் முன்னாலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த அரிவாளைப் பிடித்த கையை எல்லோரும் கண்டிக்கின்றோம். ஆனால் "எங்கள் ஜாதியிலேயே பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று மரியாதையாய்ச் சொல்லுகின்ற ஒவ்வொரு வீடும் அந்த அரிவாளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்ததில் தன் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டாமா? பெண் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்கின்ற தோழர்களே! உங்களைப் போலவே அடுத்த ஜாதியில் இன்னொரு தோழர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றார். ஒரே கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகின்ற நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட வெட்கப்படுவது ஏன்?

நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டைக்காரர் வீட்டில் பிறந்தார்கள் என்பதனாலேயே பகுத்தறிவுவாதிகள் ஆகிவிட மாட்டார்கள். 1737இல் குவேக்கர்கள் செய்த தப்பு அதுதான். பையனையும் பெண்ணையும் கேள்வி கேட்க விட வேண்டும். நம்மையே கேள்வி கேட்க விட வேண்டும். அவர்கள் தாங்களாகத் தேடிக்கொண்ட துணையை, ஜாதி எது என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். ஒன்று, நம் பிரசாரகர்கள் ஒரு கலியாணத்துக்குத் தலைமை வகிக்க ஒப்புக்கொள்ளுமுன், ஜாதி பார்த்து ஏற்பாடு செய்ததா என்று வீட்டாரை நேரில் கேட்க வேண்டும். ஆமென்றால், வாழ்த்துரை சொல்லுகின்ற மேடையிலேயே அதைக் கண்டித்துப் பேச உரிமை வேண்டும். அதற்குச் சம்மதமில்லாத வீட்டுக்குப் போகவே கூடாது. இரண்டு, ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் வாலிபர்களும் பெண்களும் கலந்து பழகிப் பேசும்படியான வாசகசாலையும் கூட்டமும் வாராவாரம் நடக்க வேண்டும். முன்பின் பார்க்காதவர்களைத் தகப்பன்மார் தேடினால் ஜாதிதான் அகப்படும். பழகியவர்களைப் பிள்ளைகளே தேடினால் மனிதர்கள் அகப்படுவார்கள். மூன்று, 1967ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு இந்துக்களுக்குள் நடக்கும் கலியாணத்துக்கே பொருந்தும். மதத்தை விட்ட நாம் கலியாணத்தன்று மாத்திரம் இந்து என்று கணக்காக வேண்டியிருப்பதும், முஸ்லிம் தோழரையோ கிறிஸ்தவத் தோழரையோ மணப்பவர்கள் 1954ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ஊராருடைய மிரட்டலுக்குப் பயந்து காத்திருப்பதும் பெரிய மானக்கேடு. மதம் பார்க்காத மணமுறைக்குச் சட்டத்தைத் திருத்தும்படி நாம் கிளர்ச்சி செய்ய வேண்டும்.

புரோகிதனை வெளியே அனுப்பக் குவேக்கர்களுக்குத் தூக்குமேடையும் சிறைச்சாலையும் தேவைப்பட்டன. நமக்கு அந்த வேலையைப் பெரியாரும், அவரோடு கல்லடிபட்ட ஆயிரக்கணக்கான தோழர்களும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாக்கியிருப்பது ஜாதி ஒன்றுதான். அதை வெளியே அனுப்ப நாம் சிறைக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு வரன் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே போதும்.